சென்னையிலிருந்து பெங்களூருக்கு: இடம் மாறிய ஒரு வழக்கின் ஆய்வு

2002 நவம்பரில் சென்னை சிறப்பு நீதிமன்றத்தில் ஜெயலலிதா மீதான ஒரு பழைய வழக்கு மறுபடியும் உயிர்பெற்றது. ஏற்கெனவே சாட்சியம் சொல்லி முடித்துப் போனவர்களில் 76 பேரை மீண்டும் கூண்டுக்கு அழைத்தார்கள். எல்லோரும் அரசுத் தரப்புச் சாட்சிகள். குறுக்கு விசாரணைக்காகத்தான் அழைப்பு. அந்த 76 பேரில் 64 பேர், முன்பு சத்தியம் செய்து சொன்னதை மாற்றிச் சொன்னார்கள்.

சாட்சி பிறழ்வது நம் நீதிமன்றங்களில் புதிதல்ல. அப்படி ஒருவர் மாற்றிச் சொன்னால் அரசு வழக்கறிஞர் என்ன செய்வார் என்பதும் தெரிந்ததுதான். உடனே எழுந்து, "இவரைப் பிறழ் சாட்சியாக அறிவித்து நானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதிக்க வேண்டும்" என்று கேட்பார். அன்றைய சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவு அதற்காகவே இருந்தது. சென்னையில் அன்று அது நடக்கவில்லை. 64 பேர் மாற்றிச் சொல்லியும் அரசுத் தரப்பு அவர்களிடம் மறுபடி கேள்வி கேட்கவில்லை, பிறழ் சாட்சி என்று அறிவிக்கவும் முயலவில்லை. பொய்ச் சாட்சியத்துக்கு நடவடிக்கை எடுங்கள் என்று ஒரு மனுகூடப் போடவில்லை.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு சென்னையை விட்டுப் பெங்களூருக்குப் போனதற்குக் காரணம் இந்த மௌனம்தான். வழக்கின் தீர்ப்புகளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். இடமாற்றத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் இந்த வழக்கின் நடுப்பகுதி. ஒரு குற்ற வழக்கை ஊர் மாற்றுவது என்றால் உண்மையில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட விரிவான பாடம் இந்திய நீதிமன்ற வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வழக்கு வந்த வழி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991 முதல் 1996 வரை ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தார். ஆட்சி மாறியதும், 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புத் துறை முதல் தகவல் அறிக்கை பதிந்தது. 1997 ஜூன் 4 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஜெயலலிதா, சசிகலா, சுதாகரன், இளவரசி ஆகிய 4 பேர் மீது, வருமானத்துக்கு மீறி ஏறக்குறைய 66.65 கோடி ரூபாய் சொத்துச் சேர்த்ததாகக் குற்றச்சாட்டு. வழக்கு எண் 7/1997. அக்டோபரில் குற்றச்சாட்டுகள் வனையப்பட்டு விசாரணை ஓடத் தொடங்கியது. 2000 ஆகஸ்ட் இறுதிக்குள் 250 அரசுத் தரப்புச் சாட்சிகளை விசாரித்து முடித்திருந்தார்கள். மிச்சம் 10 பேர்தான்.

அதாவது வழக்கு முடியும் தறுவாயில் இருந்தது. அந்த நேரத்தில் தேர்தல் வந்தது.

2001 மே மாதம் அ.தி.மு.க. வென்றது. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது தொடர்பான வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கவே முடியாத நிலையிலிருந்த ஜெயலலிதா முதலமைச்சரானார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. ஓ. பன்னீர்செல்வம் வந்தார். டான்சி வழக்கில் உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகு, 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று, மார்ச் 2 அன்று ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சரானார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். வழக்கைத் தொடுத்தது தமிழக லஞ்ச ஒழிப்புத் துறை. அது இயங்குவது மாநில அரசின் கீழ். அரசு வழக்கறிஞரை நியமிப்பது மாநில அரசு. அந்த அரசின் தலைமையில் இருப்பவர் முதல் குற்றவாளியாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். குற்ற வழக்கில் வாதி என்பது அரசு. இங்கே வாதியின் நாற்காலியிலும் எதிரியின் கூண்டிலும் ஒரே கைதான் இருந்தது.

மூன்று அரசு வழக்கறிஞர்கள் விலகினார்கள். விசாரணை அதிகாரிக்காக வாதாடிய மூத்த வழக்கறிஞரும் விலகினார். புதிதாக ஒருவர் வந்தார். சாட்சிகளை மீண்டும் அழைக்கக் கோரி எதிர்த் தரப்பு மனுப் போட்டபோது அவர் எதிர்க்கவில்லை. முன்பு விசாரணை நடந்த நாள்களில் தங்கள் வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில் இருந்தார்கள் என்பதுதான் எதிர்த் தரப்பு சொன்ன காரணம். ஒருசிலரை அழைக்க அது பொருந்தலாம். 76 பேரை அழைக்க?

அப்புறம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு. சாட்சியம் முடிந்ததும், உங்களுக்கு எதிராக இன்னின்ன சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரடியாகக் கேட்க வேண்டிய கட்டம் அது. முதல் குற்றவாளி நேரில் வரவேண்டியதில்லை என்று நீதிமன்றம் விலக்களித்தது. கேள்வித்தாளை வீட்டுக்கே அனுப்பி, அங்கேயே பதில் வாங்கி வந்தார்கள். இதற்கும் அரசுத் தரப்பு மறுப்புச் சொல்லவில்லை.

யார் கேட்கலாம்?

தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406ஆம் பிரிவின் கீழ் மனு. ஒரு மாநிலத்தில் நடக்கும் குற்ற வழக்கை இன்னொரு உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மாநிலத்துக்குள்ளேயே மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றுவதற்கு 407ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் போதும். ஒரே அமர்வுக் கோட்டத்துக்குள் என்றால் 408ஆம் பிரிவில் அமர்வு நீதிபதியே செய்வார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பின் இவை 446, 447, 448 என்று எண் மாறியிருக்கின்றன. சரக்கு பெரும்பாலும் அதேதான்.

406ஆம் பிரிவின்படி மனுவை இந்தியாவின் தலைமை வழக்கறிஞர் போடலாம், அல்லது வழக்கில் "அக்கறையுள்ள தரப்பினர்" போடலாம். எதிர்த் தரப்பு பிடித்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான். அன்பழகன் யார்? அவர் புகார்தாரர் அல்ல, சாட்சி அல்ல. அரசியல் எதிரி. பழிவாங்கும் எண்ணத்தில் வந்திருக்கிறார் என்றார்கள்.

நீதிபதிகள் எஸ்.என். வரியாவா, எச்.கே. சேமா அடங்கிய அமர்வு இதை ஏற்கவில்லை. ஜனநாயகத்தில் எதிர்க்கட்சி ஆட்சியைக் கண்காணிக்கும் இடத்தில் இருக்கிறது, மக்களின் குறையை நேர்மையாக எடுத்துவந்தால் அவருக்கும் வழக்கில் அக்கறை உண்டு என்பது அவர்கள் பார்வை. நான் இதோடு முழுக்க உடன்படுகிறேன். அரசு நடத்தும் வழக்கை அரசே கைவிடுகிறது என்பதுதானே புகார். அதை அரசே வந்து உச்ச நீதிமன்றத்தில் சொல்லாது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் யார்தான் சொல்வது? அன்பழகனின் நோக்கம் அரசியலாகவே இருந்திருக்கட்டும், அவர் காட்டிய 64 என்ற எண்ணிக்கை அரசியல் அல்ல. அது நீதிமன்ற ஆவணத்தில் இருந்த எண்ணிக்கை.

ஆனால் இடமாற்றம் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1979இல் மேனகா காந்தி தன் மீதான அவதூறு வழக்கை பம்பாயிலிருந்து மாற்றக் கேட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் மறுத்தார். மனம் எளிதில் புண்படுவதோ, வந்து போகும் சிரமமோ போதாது, அதைவிட வலுவான, ஆபத்தான ஒரு காரணம் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2000இல் கோவை குண்டுவெடிப்பு வழக்கை வெளிமாநிலத்துக்கு மாற்றக் கேட்ட அப்துல் நாசர் மதானிக்கும் கிடைக்கவில்லை. அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும், கற்பனையாக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அளவுகோல் இப்படிக் கறாராக இருந்தும் 2003 நவம்பர் 18 அன்று சென்னை வழக்கு மாற்றப்பட்டது. புதிய அரசு வழக்கறிஞர் குற்றஞ்சாட்டப்பட்டவர்களோடு கைகோத்துச் செயல்படுவதாகத் தோன்றுகிறது, அதனால் நீதி தவறிவிடும் என்ற நியாயமான அச்சம் பொதுமக்களுக்கு எழுகிறது என்று அமர்வு வெளிப்படையாகவே எழுதியது. ஒரு மாநிலத்தின் அரசு வழக்கறிஞரைப் பற்றி உச்ச நீதிமன்றம் இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது அரிது.

சென்னை சிறப்பு நீதிபதியை ஒருதலைப்பட்சமானவர் என்று சொல்லி வழக்கை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பின் கனம் முழுக்க அரசு வழக்கறிஞர் உட்காரும் நாற்காலியின் மேல்தான் விழுந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே சாவி.

என்னவெல்லாம் மாறின

பக்கத்து மாநிலம், சாட்சிகள் வந்துபோக வசதி என்ற காரணத்துக்காகக் கர்நாடகம். ஆனால் "பெங்களூருக்கு மாற்றுகிறோம்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அந்த உத்தரவு பாதிப் பயன்தான் தந்திருக்கும். கட்டடம் பெங்களூரில், நீதிபதி கன்னடக்காரர், ஆனால் வழக்கை நடத்தும் வழக்கறிஞரை அனுப்புவது மட்டும் சென்னைக் கோட்டை என்றால் என்ன மாறியிருக்கும்? ஒன்றுமில்லை. 64 பேரும் பேருந்து ஏறிப் போய் அங்கேயும் மாற்றிச் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அமர்வு அதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தது. கர்நாடக அரசு அந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியோடு கலந்து பெங்களூரில் சிறப்பு நீதிமன்றம் அமைக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் நீதிபதியை நியமிக்க வேண்டும் என்றது. அரசு வழக்கறிஞரையும் அதே வழியில் ஆறு வாரத்துக்குள் கர்நாடக அரசே நியமிக்க வேண்டும், அவர் குற்ற வழக்குகளில் அனுபவமுள்ள மூத்தவராக இருக்க வேண்டும் என்றது. செலவு தமிழ்நாட்டின் கணக்கில். தமிழகப் போலீஸ் சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பாதுகாப்புக் கேட்கும் சாட்சிக்குக் கர்நாடகம் பாதுகாப்புத் தர வேண்டும். மாற்றிச் சொன்ன சாட்சிகளை மீண்டும் அழைக்கவும், பிறழ் சாட்சிகளாக அறிவிக்கவும், பொய்ச் சாட்சியத்துக்கு நடவடிக்கை கோரவும் புதிய வழக்கறிஞருக்கு உரிமை. ஆவணங்கள் அனைத்தும் பெங்களூருக்கு. விசாரணை நாள்தோறும் தொடர்ந்து நடக்க வேண்டும். மேல்முறையீடு என்று வந்தால் அதுவும் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு.

சாட்சி, ஆவணம், பாதுகாப்பு, பணம், மேல்முறையீடு என்று ஒவ்வொரு கண்ணியையும் தனியாகப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். இடமாற்ற உத்தரவு எழுதும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய உத்தரவு என்று இதைத் தயங்காமல் சொல்வேன். இவ்வளவு எழுதியும் ஓர் இடத்தில் அதற்கு வலுப் போதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெங்களூரில் 11 ஆண்டுகள்

அங்கே வழக்குக்கு 208/2004 என்று புது எண் கிடைத்தது. கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாகப் பலமுறை இருந்த பி.வி. ஆச்சார்யா சிறப்பு அரசு வழக்கறிஞரானார். நாள்தோறும் நடக்க வேண்டிய விசாரணை 2014 வரை இழுத்தது.

இழுத்ததற்கு ஒரு காரணம் மொழி. சென்னையில் பதிவான சாட்சியங்களும் ஆவணங்களும் பெருமளவு தமிழில் இருந்தன. பெங்களூர் நீதிபதிக்கு அவை ஆங்கிலத்தில் வேண்டும். மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்ப்பின் நகல் வேண்டும் என்று மனு. நகல் கொடுத்தால் மொழிபெயர்ப்பில் பிழை என்று மனு. ஒரு வழக்கு மொழி எல்லையைத் தாண்டும்போது காகிதம் காகிதமாக அதை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. மாற்றல் உத்தரவுகளில் இந்தச் சுமையைப் பற்றிப் பொதுவாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். என் கருத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு காலக்கெடுவும், பிழை என்று சொல்பவர் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்ற வரம்பும் 2003இலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், லண்டனில் ஹோட்டல்கள் வாங்கியதாகத் தொடுக்கப்பட்ட லண்டன் ஹோட்டல் வழக்கு. இதே உத்தரவில் அதுவும் சேர்ந்தே பெங்களூருக்கு வந்தது. இரண்டையும் ஒன்றாக விசாரிப்பதா, தனித்தனியாகவா என்ற சண்டை மேலே போய், விசாரணை சில ஆண்டுகள் நின்றுபோனது. நீதிபதிகளும் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் 2011 அக்டோபரில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெயலலிதா அந்த ஆண்டு மே மாதம் மறுபடியும் முதலமைச்சராகியிருந்தார். 313ஆம் பிரிவுக் கேள்விகளுக்கு நேரில் வரத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, விலக்குக் கேட்டு உச்ச நீதிமன்றம் போயும் கிடைக்கவில்லை. பாதுகாப்பு கருதிப் பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறை வளாகத்தில் நீதிமன்றம் கூடியது. அக்டோபர் 20, 21, பிறகு நவம்பர் 22, 23 என்று நான்கு நாள்கள் அவர் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சென்னையில் வீட்டுக்குப் போய் வந்த கேள்வித்தாளை நினைத்துப் பார்த்தால், இடமாற்றம் உண்மையில் எதைச் சாதித்தது என்பது இந்த நான்கு நாள்களில் தெரிகிறது. பதவியில் இருக்கும் ஒரு முதலமைச்சர் சொந்த மாநிலத்தின் போலீஸோ வழக்கறிஞரோ அதிகாரம் செலுத்தாத ஓர் அறையில் உட்கார்ந்து, நீதிபதி கேட்கக் கேட்கப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நாற்காலிக்கான சண்டை

இனி அந்த வலுக் குறைந்த இடம். உத்தரவு அரசு வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரத்தைக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. ஆனால் அந்த நாற்காலிக்கு வரும் நெருக்கடியை எந்த உத்தரவாலும் தடுக்க முடியவில்லை. ஆச்சார்யா 2011இல் மீண்டும் அட்வகேட் ஜெனரலானபோது இரண்டில் ஒன்றை விடச் சொன்னார்கள். அவர் பெரிய பதவியை விட்டுவிட்டு இந்த வழக்கை வைத்துக்கொண்டார். 2012 ஆகஸ்டில் நெருக்குதல் தாங்காமல் இதிலிருந்தும் விலகினார். நான் இந்த வழக்கைப் படித்த வரையில் மிகவும் மதிக்கும் முடிவு அவருடைய முதல் முடிவு. மிகவும் வருந்துவது இரண்டாவதுக்காக.

2013 பிப்ரவரியில் ஜி. பவானி சிங் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கர்நாடக அரசு அவருடைய நியமனத்தைத் திரும்பப் பெற்றது. இப்போது நடந்ததுதான் விசித்திரம். அவரை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போனவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்! தங்களுக்குத் தண்டனை வாங்கித்தர வேண்டிய வழக்கறிஞரே தொடர வேண்டும் என்று கேட்டார்கள். நீக்கிய விதம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதல்ல என்று கண்டு, செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வழக்கின் நடுவில் அரசுகள் வழக்கறிஞரை மாற்றி விளையாடக் கூடாது என்பதும் நியாயம்தான். இருந்தாலும் 2003 தீர்ப்பைப் படித்துவிட்டு இதைப் படிப்பவருக்கு மனம் அமைதியாகாது.

நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2013இன் கடைசியில் பொறுப்பேற்று ஏறக்குறைய ஓர் ஆண்டில் வழக்கை முடித்தார். தீர்ப்பு நாள் 2014 செப்டம்பர் 20 என்று இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி இடத்தை மாற்றும்படி ஜெயலலிதா தரப்பு கேட்டது. நாள் செப்டம்பர் 27க்குத் தள்ளிப்போனது, இடம் மறுபடியும் பரப்பன அக்ரஹாரா. நான்கு ஆண்டு சிறை, ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம், மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. தீர்ப்புக் கேட்க வந்த வளாகத்திலேயே அவர் சிறைக்குள் போனார். அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது.

தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 29 அன்று, தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு வழக்கை அரசுத் தரப்பில் பவானி சிங்கே நடத்தலாம் என்று. அவர் நடத்தவும் செய்தார். 11 ஆண்டுகளுக்கு முன் எதைத் தவிர்ப்பதற்காக வழக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பினார்களோ, அதே ஏற்பாடு மேல்முறையீட்டு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. தண்டனை பெற்றவரின் கட்சி ஆளும் அரசு, அவருக்கு எதிராக வாதாட வழக்கறிஞரைத் தந்தது.

அன்பழகன் மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் மதன் லோக்கூர், ஆர். பானுமதி இருவரும் வேறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். ஏப்ரல் 27 அன்று தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு முடிவு சொன்னது: மேல்முறையீட்டிலும் கர்நாடகம் மட்டுமே அரசுத் தரப்பு, தமிழ்நாட்டுக்கு நியமிக்க அதிகாரமே இல்லை, பவானி சிங் அங்கே நின்றது சட்டப்படி செல்லாது. சரி, அப்படியானால் மேல்முறையீட்டைத் திரும்ப விசாரிக்க வேண்டுமே? தேவையில்லை, கர்நாடகமும் அன்பழகனும் எழுத்துபூர்வ வாதம் கொடுத்தால் போதும் என்றது அமர்வு.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003 தீர்ப்பு சொன்னதே, எதிர்த்து நிற்க வேண்டியவர் நிற்கவில்லை என்றால் அது விசாரணையே அல்ல என்பதுதான். 41 நாள்கள் நடந்த மேல்முறையீட்டு வாதத்தில் அதிகாரமே இல்லாத ஒருவர் அரசுத் தரப்பில் நின்றிருக்கிறார் என்று கண்டுபிடித்த பிறகு, கடைசி நேரத்தில் ஒரு நாள் அவகாசத்தில் தரும் எழுத்து வாதம் அதற்கு ஈடாகாது. மே 11 அன்று நீதிபதி சி.ஆர். குமாரசாமி நால்வரையும் விடுவித்தார். மீண்டும் கர்நாடகத்தின் அரசு வழக்கறிஞராகியிருந்த ஆச்சார்யா உடனே அந்தத் தீர்ப்பின் கூட்டலில் பிழை இருப்பதைக் காட்டினார். கடன் தொகைகளின் மொத்தம் 24.17 கோடி என்று தீர்ப்பில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. அந்த ஒரு திருத்தத்தில், வருமானத்துக்கு மீறிய சொத்து 8.12 சதவீதம் என்ற கணக்கு 76 சதவீதத்தைத் தாண்டிவிடும். வாதத்தின்போது எதிரே சரியான ஆள் நின்றிருந்தால் கடன் கணக்கு ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணியிருப்பார்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றம்

இந்த வழக்கை மட்டும் பார்த்தால், ஆட்சி தளர்வாக இருந்தால்தான் இடமாற்றம் என்று தோன்றிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. காஞ்சிபுரம் கோயில் மேலாளர் சங்கரராமன் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட காஞ்சி மடத் தலைவர் ஜெயேந்திர சரஸ்வதி, தமிழ்நாட்டில் எனக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் போனார். இங்கே புகார் நேர்மாறானது: அரசு அளவுக்கு மீறி முனைப்புக் காட்டுகிறது. மடத்தின் 183 வங்கிக் கணக்குகளை முடக்கியது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2005 அக்டோபர் 26 அன்று வழக்கு செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போனது. இரண்டு ஆண்டுக்குள், அதே மாநில அரசின் கையிலிருந்து இரண்டு பெரிய வழக்குகள். ஒன்றில் அரசு வழக்கைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்று, இன்னொன்றில் அரசு விடாமல் அழுத்துகிறது என்று.

புதுச்சேரியிலும் அதே நாற்காலிக் கேள்வி எழுந்தது. அரசு வழக்கறிஞரை நியமிப்பது தமிழ்நாடா, புதுச்சேரியா? 2008இல் உச்ச நீதிமன்றம், வழக்கு எந்த மாநிலத்துக்குப் போனதோ அந்த மாநில அரசுதான் என்று தீர்த்தது. 2015இல் பவானி சிங் விவகாரத்தில் கர்நாடகத்துக்குக் கைகொடுத்த தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் சாட்சிகள் விஷயத்தில் புதுச்சேரி எந்த ஆறுதலும் தரவில்லை. அங்கே விசாரிக்கப்பட்ட 189 பேரில் 83 பேர் பிறழ் சாட்சிகளானார்கள். 2013 நவம்பர் 27 அன்று எல்லோரும் விடுதலை. சாட்சி பிறழ்வதை ஊர் மாற்றித் தடுத்துவிட முடியாது. பிறழ்ந்தால் அதைச் சுட்டிக்காட்டி மேலே கேள்வி கேட்க ஒருவர் இருப்பார் என்பதற்கு மட்டும்தான் வழிசெய்ய முடியும். பெங்களூரில் டி'குன்ஹா முன்பு சாட்சிகள் முதல் விசாரணையில் சொன்னதும் பிறகு மாற்றிச் சொன்னதும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எடை போடப்பட்டன. அது சென்னையில் அன்றைக்கு நடந்திருக்காது.

கர்நாடகத்தின் மேல்முறையீடு

விடுதலையை எதிர்த்துக் கர்நாடக அரசு உச்ச நீதிமன்றம் போனது. உனக்கு என்ன உரிமை, குற்றம் நடந்தது தமிழ்நாட்டில்தானே என்று எதிர்த் தரப்பு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். பதில் 2003 உத்தரவிலேயே இருந்தது: வழக்கு இடம் மாறியபோது வாதியும் மாறிவிட்டார். 2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் இருவரும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து டி'குன்ஹாவின் தீர்ப்பை மீட்டார்கள். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்திருந்ததால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவரும் மறுநாள் பெங்களூரில் சரணடைந்து, பரப்பன அக்ரஹாராவுக்குப் போனார்கள். முதல் தகவல் அறிக்கைக்கும் இந்த நாளுக்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

வழக்கோடு சேர்ந்து சென்னையிலிருந்து போன பொருள்களில் நகைகளும் இருந்தன. தண்டனை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் அவை பெங்களூரில், நீதிமன்றப் பொறுப்பில், கருவூலத்தில் கிடந்தன. 2025 பிப்ரவரியில்தான் தமிழக அதிகாரிகள் போலீஸ் காவலோடு போய், ஒவ்வொன்றாக எண்ணி, எடை பார்த்து வாங்கிக்கொண்டார்கள். சுமார் 27 கிலோ. நிலப் பத்திரங்களும் கூடவே வந்தன. பெட்டிகளில் பூட்டி ஓசூர் வழியாகச் சென்னைக்கு.